‘தி பெர்ஃபெக்ட் ஸ்டார்ம்’: படம் பார்த்தவர்கள் அடிக்கடி கேட்பவை

இந்தப் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே இரண்டு கட்சி பிரிந்துவிடும். ஒரு கட்சிக்கு இது மூச்சை அடைக்கும் கடல் படம். இன்னொரு கட்சிக்கு, பேராசை பிடித்த ஆறு பேர் புயலுக்குள் தெரிந்தே போய் மாட்டிக்கொண்ட கதை. இதற்குப் போய் ஏன் அழ வேண்டும் என்று கேட்பார்கள். முதல் முறை பார்த்தபோது நான் இரண்டாவது கட்சி. நாலைந்து முறை பார்த்தபிறகு கட்சி மாறிவிட்டேன். ஏன் மாறினேன் என்பது கீழே ஆங்காங்கே வரும். முடிவு உட்பட எல்லாமே பேசப்படுகிறது. படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்தால் நல்லது.

என்ன படம், என்ன கதை? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

2000 ஜூன் 30 அன்று வெளிவந்த அமெரிக்கப் படம். இயக்கியவர் வொல்ஃப்காங் பீட்டர்சன். 1981ல் ‘தாஸ் பூட்’ படத்தில் ஒரு நீர்மூழ்கிக் கப்பலின் இரும்புக் கூட்டுக்குள் பார்வையாளர்களை அடைத்துப் போட்டுப் பெயர் வாங்கிய ஜெர்மானியர்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்திலிருந்து ‘ஆண்ட்ரியா கெய்ல்’ என்ற படகு ஆறு பேருடன் வாள்மீன் பிடிக்கப் போகிறது. பருவம் முடியப்போகும் நேரம். வழக்கமாகப் போகும் கிராண்ட் பேங்க்ஸ் பகுதியில் மீன்பாடு இல்லை. இன்னும் தள்ளி ஃப்ளெமிஷ் கேப் வரை போகிறார்கள். அங்கே மீன் கொட்டுகிறது. அந்த நேரம் பார்த்து ஐஸ் இயந்திரம் படுத்துவிடுகிறது. ஊருக்கும் அவர்களுக்கும் நடுவில் புயல். காத்திருந்தால் மீன் கெடும், கிளம்பினால் புயலில் போக வேண்டும். கிளம்புகிறார்கள். ஒருவரும் திரும்பவில்லை.

இது உண்மைக் கதையா?

படகு உண்மை, ஆட்கள் உண்மை, புயல் உண்மை. செபாஸ்டியன் யுங்கர் 1997ல் எழுதிய புனைவல்லாத நூல்தான் படத்துக்கு மூலம். 72 அடி நீள இரும்புப் படகு ஆண்ட்ரியா கெய்ல், 1991 செப்டம்பர் 20 அன்று குளோஸ்டரிலிருந்து கிளம்பியது. அக்டோபர் 28 மாலை ஆறு மணி வாக்கில் கேப்டன் பில்லி டைன் ரேடியோவில் பேசினார். கனடாவின் சேபிள் தீவுக்குக் கிழக்கே 160 மைல் தொலைவில் இருப்பதாகவும், அலை 30 அடி எழுவதாகவும், காற்று 80 நாட் (மணிக்கு 80 கடல்மைல்) வரை வீசுவதாகவும் சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் படகிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

அத்தோடு ‘உண்மைக் கதை’ முடிகிறது. அந்தக் கடைசிப் பேச்சுக்கு அப்புறம் திரையில் நாம் பார்ப்பது முழுவதும் ஊகம்.

ஒருவர்கூடத் திரும்பவில்லை என்றால், படகுக்குள் நடந்தது இவர்களுக்கு எப்படித் தெரிந்தது?

தெரியாது. இந்தப் படத்தைப் பற்றிய முக்கால்வாசிச் சண்டை இங்கேதான் தொடங்குகிறது.

நூல் இந்த இடத்தில் நேர்மையாக நடந்துகொண்டது. படகில் நடந்தது இதுதான் என்று சாதிக்காமல், இதே மாதிரி புயலில் சிக்கிப் பிழைத்த மற்றவர்களின் அனுபவம், படகு கவிழும் விதம், மனிதன் நீரில் மூழ்கும்போது உடம்புக்குள் என்ன ஆகிறது என்பதையெல்லாம் சுற்றிலும் அடுக்கி, நடுவில் இருந்த வெற்றிடத்தை வெற்றிடமாகவே விட்டது. திரைப்படத்துக்கு அந்த வசதி கிடையாது. கேமராவை எங்காவது வைத்தாக வேண்டும், நடிகர் எதையாவது பேசியாக வேண்டும். அதனால் இரண்டு பேருக்குள் பகை, ஒருவர் கடலில் விழ அந்தப் பகையாளியே குதித்துக் காப்பாற்றுவது, கேப்டனின் வீர உரை என்று வெற்றிடம் முழுக்க நிரப்பிவிட்டார்கள்.

இது பொய் என்று கோபப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குப் பெரிய கோபம் இல்லை. ஆனால் நிரப்பியதில் சரக்கு கொஞ்சம் மட்டம் என்ற வருத்தம் உண்டு. அந்தப் பகை எதற்காக என்பதைப் படம் இரண்டு வரியில் சொல்லி முடித்துவிடுகிறது, ஜான் சி. ரைலியும் வில்லியம் ஃபிக்ட்னரும் நல்ல நடிகர்களாக இருப்பதால் தாங்குகிறது.

முதல் முக்கால் மணி நேரம் இழுவை என்கிறார்களே?

அதிகம் கேட்கும் குறை இதுதான். கடல் படம் என்று வந்தால் மதுக்கூடத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்களே என்பார்கள். எனக்கோ படத்தின் சிறந்த பகுதி அதுதான்.

படகு கரைக்கு வருகிறது. மீன் இறக்குகிறார்கள். கணக்கு முடிக்கிறார்கள். கைக்கு வருவது சொற்பம். மார்க் வால்பெர்க் நடித்த பாபி, டயேன் லேன் நடித்த கிறிஸ் என்ற பெண்ணோடு வாழ ஒரு வீடு பார்க்க வேண்டும், விவாகரத்து வழக்குக்கு வக்கீலுக்குக் கட்ட வேண்டும். ரைலி நடித்த மர்ஃபுக்குப் பிரிந்துபோன மனைவியிடம் வளரும் சின்னப் பையன். பக்ஸி என்ற இன்னொரு கூட்டாளிக்கு யாருமே இல்லை. கிளம்புவதற்கு முந்தைய இரவுதான் ஒரு பெண் சிரித்துப் பேசியிருக்கிறாள். கேப்டனுக்கோ மானப்பிரச்சினை: அதே துறைமுகத்தில் லிண்டா என்ற இன்னொரு படகின் பெண் கேப்டன் மூட்டை மூட்டையாக மீன் கொண்டுவருகிறார், தனக்கு வலிக்கிற அளவுக்கு வறட்சி. படகு முதலாளி அதை நேராகவே குத்திக்காட்டுகிறார்.

இத்தனையும் கரையிலேயே சொல்லப்பட்டதால்தான், பின்னால் புயலுக்குள் போவதா வேண்டாமா என்று வரும்போது நமக்கு அவர்கள் பதில் முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. இந்தப் பகுதியை ஓட்டிவிட்டுப் பார்த்தவர்கள்தான் பெரும்பாலும் ‘பேராசை’ கட்சிக்குப் போகிறார்கள் என்பது என் சந்தேகம்.

சரி, நேராகவே கேட்கிறேன். புயல் என்று தெரிந்தும் கிளம்பியது பேராசைதானே?

இதற்குக் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும்.

இந்த வகைப் படகுகளில் மாதச் சம்பளம் கிடையாது, பங்குதான். மீன் விற்ற பணத்தில் டீசல், இரை, ஐஸ், சாப்பாடு, தூண்டில் சாமான் எல்லாம் முதலில் கழியும். மிச்சத்தில் ஒரு பெரும் பங்கு படகுக்காரருக்கு. அப்புறம் கேப்டன். அதற்கும் அப்புறம்தான் கூட்டாளிகள். ஒரு மாதம் கடலில் கிடந்தும் மீன் கிடைக்காவிட்டால் பங்கும் கிடையாது. சில சமயம் கடனோடு இறங்க வேண்டும்.

அடுத்தது தூரம். ஃப்ளெமிஷ் கேப், நியூஃபவுண்ட்லாந்துக்கும் கிழக்கே, கனடாவின் 200 மைல் எல்லையையும் தாண்டி இருக்கிறது. குளோஸ்டரிலிருந்து ஆயிரம் கடல்மைலுக்கு மேல். மணிக்கு எட்டு ஒன்பது கடல்மைல் வேகத்தில் ஓடும் படகுக்குப் போக ஐந்தாறு நாள், வர ஐந்தாறு நாள். அவ்வளவு தூரம் போனதே ஆசையால் அல்ல, பக்கத்தில் பெரிய மீன் கிடைக்காமல் போனதால்.

இப்போது அந்த இடத்தில் நின்று பாருங்கள். அறை நிறைய மீன். அதை விட்டால் ஒரு மாத உழைப்பு குப்பை. இதுவரை எத்தனையோ மோசமான காற்றைத் தாண்டி வந்த ஆட்கள். வானிலைத் தாளில் வரும் கோடு ஒவ்வொன்றுக்கும் படகைத் திருப்பினால் அந்தக் கடலில் யாரும் தொழில் செய்ய முடியாது. ‘இதுவும் ஒரு காற்று’ என்று நினைத்தார்கள். கரையில் உட்கார்ந்து, கடைசியில் என்ன ஆனது என்று தெரிந்துகொண்டு, பேராசை என்று சொல்வது சுலபம்.

இன்னொரு விஷயம். அந்தப் பயணத்துக்கு முதலில் சேர வந்த ஒருவர், படகைச் சுற்றிப் பார்த்துவிட்டு, என்னவோ மனது சரியில்லை என்று இறங்கிப் போய்விட்டார். நூலில் வரும் உண்மைச் சம்பவம் இது. அவர் பிழைத்தார். ஆனால் தொழிலை விடவில்லை. 1993ல் வேறொரு படகோடு கடலில் மாண்டுபோனார். அவரை என்னவென்று சொல்வது? பேராசைக்காரர் என்றா?

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1999ல் போட்ட மதிப்பீட்டில், உலகம் முழுக்க மீன்பிடித் தொழிலில் ஆண்டுக்குச் சுமார் 24,000 பேர் இறக்கிறார்கள் என்று வந்தது. அத்தனை பேரும் முட்டாள்களாக இருக்க முடியாது.

ஐஸ் இயந்திரம் பழுதானால் அவ்வளவு பெரிய விஷயமா?

ஆமாம். இந்தப் படகுகள் மீனை உறையவைப்பதில்லை. குடலெடுத்து, ஐஸில் புதைத்து, பச்சையாகக் கொண்டுவருகின்றன. பச்சை மீனுக்குத்தான் நல்ல விலை. ஐஸ் இல்லாவிட்டால் ஒவ்வொரு நாளும் விலை இறங்கும், அப்புறம் வாங்கவே ஆள் இருக்காது. கதைக்காகச் செய்த தந்திரம் மாதிரித் தெரிந்தாலும் தொழில் தெரிந்தவர்கள் யாரும் அதைக் குறை சொல்வதில்லை.

மீன் பிடிக்கும் காட்சிகள் சரியாக இருக்கின்றனவா? வலையே காணோமே?

வலை இல்லை, தூண்டில். தமிழில் ஆயிரங்கால் தூண்டில் என்போமே, அந்த வகை. முப்பது, நாற்பது மைல் நீளத்துக்கு ஒரே கயிறு. அதில் இடைவெளி விட்டு நூற்றுக்கணக்கில் கிளைத் தூண்டில்கள். சாயங்காலம் விடுவார்கள், காலையில் இழுப்பார்கள். இரைக்குப் பக்கத்தில் பச்சையாக ஒளிரும் குச்சிகளைக் கட்டுவதைப் படத்தில் கவனித்திருப்பீர்கள். வாள்மீன் இரவில் மேலே வரும், அந்த வெளிச்சத்துக்கு இரையைத் தேடி வரும். முள் கையில் மாட்டி, ஓடும் கயிறோடு ஆளும் கடலுக்குள் போவது நிஜமாகவே நடக்கிற விபத்து. இந்த வேலையைக் காட்டிய விதத்தில் படத்துக்கு முழு மதிப்பெண் போடலாம்.

தளத்தில் ஏறிய சுறா பாபியின் காலைக் கவ்வுவதும் நடக்கக்கூடியதுதான். ஆனால் அடுத்தடுத்து சுறா, கடலில் விழுவது, முரட்டலை என்று வரிசை கட்டி வரும்போது, திரைக்கதைக்காரர் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு அடித்துக்கொண்டே போகிறார் என்று தோன்றுகிறது.

அந்த அளவு உயர அலை உண்மையில் வருமா?

வரும். அந்தப் புயலிலேயே வந்தது. நோவா ஸ்கோஷியாவுக்குத் தெற்கே மிதந்துகொண்டிருந்த ஓர் அளவீட்டு மிதவை 100.7 அடி, அதாவது 30.7 மீட்டர் உயர அலையைப் பதிவு செய்தது. பத்து மாடி உயரம்.

ஆனால் தேதியைக் கவனியுங்கள். மிதவையில் அந்தப் பதிவு வந்தது அக்டோபர் 30. ஆண்ட்ரியா கெய்ல் கடைசியாகப் பேசியது 28 மாலை. படகு அன்றிரவே போயிருக்கலாம் என்பதுதான் பலரும் ஏற்கும் கணிப்பு. அதாவது, புயல் உச்சத்துக்கு வருவதற்கு முன்பே. சுவரொட்டியில் படகு ஏறுகிற அந்த மலையலையை அவர்கள் பார்த்திருக்கவே மாட்டார்கள். அதில் பாதி உயர அலைகூடப் போதும். 72 அடிப் படகு, இருட்டு, பக்கவாட்டில் உடைந்து விழும் தண்ணீர். திரையில் மெதுவாகச் சரிவில் ஏறி, உச்சியில் தயங்கி, பின்னால் புரண்டு விழுவதைப் போல நடக்க அவகாசம் இருந்திருக்காது.

கொக்கி மாதிரி நீண்டிருக்கும் கம்பத்தின் மேல் கேப்டன் ஏறி, அலை மேலே மேலே விழ, தீ அணையாமல் இரும்பை வெட்டுகிறாரே, அதை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன்.

மூன்று புயல்கள் ஒன்றாகச் சேர்ந்தது என்பது மிகைப்படுத்தலா?

சொல்கிற தொனிதான் மிகை, விஷயம் சரி. ஒரு குளிர்முகம் (குளிர்காற்றுத் திரளின் முன்விளிம்பு) அமெரிக்கக் கரையைத் தாண்டிக் கடலுக்கு வந்தது. அதன் ஓரமாக நோவா ஸ்கோஷியாவுக்குக் கிழக்கே ஒரு தாழ்வு மண்டலம் உருவானது. தென்கிழக்குக் கனடா மேல் வலுவான உயர் அழுத்தம் உட்கார்ந்திருந்தது. இந்த இரண்டுக்கும் நடுவிலான அழுத்த வித்தியாசம்தான் காற்றைப் பிழிந்து தள்ளியது. தெற்கே அட்லாண்டிக்கில் இருந்த கிரேஸ் என்ற சூறாவளியின் வெப்பமும் ஈரமும் வந்து சேர, தாழ்வு மண்டலம் அதை விழுங்கிப் பெருத்தது. வழக்கமாக இந்தப் பகுதிப் புயல்கள் கிழக்கே விலகிப் போகும். இது பின்னோக்கி மேற்கே, கரையைப் பார்த்து வந்தது. வடக்குக் காற்றுக்கு வாடை, கிழக்குக் காற்றுக்குக் கொண்டல் என்று நமக்குப் பெயர் உண்டு. இது இரண்டும் சேர்ந்தடிக்கும் மூலை. நியூ இங்கிலாந்துக் கரைக்காரர்களுக்குப் பழக்கமான, பயமான காற்று.

படம் சொல்லாத ஒரு கிறுக்குத்தனமும் உண்டு. எல்லாம் ஓயப்போகிற நேரத்தில், நவம்பர் 1 அன்று, அந்தப் புயலின் வயிற்றுக்குள்ளேயே ஒரு சிறிய சூறாவளி பிறந்தது. மக்கள் குழம்புவார்கள் என்று அதற்குப் பெயரே வைக்காமல் விட்டுவிட்டார்கள். அதிபராக இருந்த ஜார்ஜ் புஷ்ஷின் மெய்ன் மாநிலக் கடற்கரை வீட்டையும் இந்தப் புயல் விட்டுவைக்கவில்லை.

படத் தலைப்பு ஆங்கிலத்தில் இன்று சொல்வழக்காகவே ஆகிவிட்டது: கெட்டது எல்லாம் ஒரே நேரத்தில் கூடுவதற்குப் பெயர். நம் ‘பட்ட காலிலே படும்’ என்பதற்குப் பக்கத்துவீடு.

நடுவில் அந்தப் பாய்மரப் படகும் ஹெலிகாப்டரும் எதற்கு? கதையைக் கெடுக்கின்றனவே?

குறை நியாயம்தான். ஆறு பேரின் கதையில் மனதை ஊன்றும்போது கேமரா திடீரென்று முன்பின் தெரியாதவர்களிடம் ஓடுகிறது. ஆனால் இந்தப் பகுதிக்குத்தான் உயிரோடு சாட்சிகள் இருந்தார்கள் என்பது வேடிக்கை.

உண்மையில் அவை இரண்டு தனிச் சம்பவங்கள். சடோரி என்ற பாய்மரப் படகிலிருந்து மூன்று பேரைக் கடலோரக் காவல்படையின் ஹெலிகாப்டர் மீட்டது. நியூயார்க் வான் தேசியக் காவல்படையின் ஹெலிகாப்டர், தனியாகப் பயணம் செய்துகொண்டிருந்த ஒரு ஜப்பானியரைத் தேடிப் போய், திரும்பும் வழியில் வானிலேயே எரிபொருள் நிரப்ப முடியாமல் இருட்டில் கடலில் இறங்கியது. அதிலிருந்த ஐந்து பேரில் நான்கு பேரை டமரோவா என்ற காவல்படைக் கப்பல் மீட்டது. ஒருவர் கிடைக்கவே இல்லை. படம் இரண்டையும் முடிச்சுப் போட்டு ஒரே கதையாக்கிவிட்டது.

பாய்மரப் படகுக்காரரைப் படம் பிடிவாதக்காரக் கிழவராகக் காட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. படகு தாங்கும், இறங்க மாட்டேன் என்று அவர் சொன்னது உண்மை. கடைசியில் ஆளில்லாமல் விட்ட அந்தப் படகு மேரிலாந்து பக்கத்தில் ஒரு கடற்கரையில் பெரிய சேதமில்லாமல் ஒதுங்கியது. அதைப் படத்தில் ஏன் சொல்லவில்லை?

என் கருத்தில், எரிபொருள் நிரப்பும் காட்சிதான் முழுப் படத்திலும் அதிகம் பதறவைப்பது. அதில் வசனமே கிட்டத்தட்ட இல்லை.

லிண்டா என்ற பெண் கேப்டன் கற்பனைப் பாத்திரமா? க்ளூனி கேப்டனாக எடுபடுகிறாரா?

லிண்டா க்ரீன்லா நிஜ ஆள். ஆண்ட்ரியா கெய்லின் முதலாளிக்கே சொந்தமான ‘ஹானா போடன்’ படகின் கேப்டனாக அப்போது கடலில் இருந்தார். டைன் கடைசியாகப் பேசியதும் அவரோடுதான். பின்னர் தன் கடல் வாழ்க்கையைப் பற்றி நூல்கள் எழுதிப் புகழ் பெற்றார். அவருக்கும் டைனுக்கும் நடுவில் லேசாக ஒரு காதல் வாசனையைப் படம் தெளித்திருக்கிறது, தேவையில்லாத வேலை. மேரி எலிசபெத் மாஸ்ட்ரான்டோனியோ நிதானமாகச் செய்திருக்கிறார்.

ஜார்ஜ் க்ளூனி பற்றி: தாடியும் அழுக்குத் தொப்பியும் இருந்தாலும் அழகான மனிதர் வேஷம் போட்டது போலத்தான் முதலில் தெரிகிறது. மூடுபனியில் துறைமுகத்தை விட்டு வெளியேறும் அதிகாலையைப் பற்றி அவர் லிண்டாவிடம் பேசும் இடத்தில் நம்பிவிடுகிறோம். இந்த மனிதருக்குக் கரையில் வேலை இல்லை என்று அங்கே புரிகிறது. படம் முடியும்போது அதே பேச்சை மறுபடியும் ஒலிக்கவிடுவதற்குக் காரணம் உண்டு.

குடும்பங்கள் வழக்குப் போட்டார்களாமே?

போட்டார்கள். கேப்டனின் மகள்களும் இன்னொரு மாலுமியின் குடும்பத்தாரும் படத் தயாரிப்பு நிறுவனத்தின் மீது 2000ல் புளோரிடாவில் வழக்குத் தொடுத்தார்கள். அனுமதி கேட்காமல் உண்மைப் பெயர்களைப் பயன்படுத்தினார்கள், கேப்டனை ஆட்களின் உயிரைப் பற்றிக் கவலைப்படாதவராகக் காட்டினார்கள் என்பது ஆதங்கம். ஒருவரின் பெயரை வியாபாரத்துக்குப் பயன்படுத்துவதைத் தடுக்கும் மாநிலச் சட்டம் ஒன்றை வைத்து வாதாடினார்கள். 2002ல் கீழ் நீதிமன்றத்தில் தோற்றார்கள். மேல்முறையீட்டில் கேள்வி புளோரிடா உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்தச் சட்டம் ஒரு பொருளை விற்க ஒருவரின் பெயரைப் பயன்படுத்துவதைப் பற்றியது, திரைப்படத்துக்குப் பொருந்தாது என்று 2005ல் அது பதில் சொன்னது.

சட்டம் சரியாகவே இருக்கலாம். ஆனாலும் படத் தொடக்கத்தில் ‘உண்மைக் கதையை அடிப்படையாகக் கொண்டது’ என்று பெரிதாகப் போட்டுவிட்டு, சில சம்பவங்கள் நாடகமாக்கப்பட்டவை என்பதைக் கடைசிப் பெயர்ப்பட்டியலில் சொன்னால், அப்பாவை இழந்த மகள்களுக்கு எப்படி இருக்கும்? பெயர்களை மாற்றியிருந்தால் படத்துக்கு என்ன குறைந்திருக்கும் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். கொஞ்சம் குறைந்திருக்கும் என்பதுதான் பதில். அந்தப் பெயர்கள் குளோஸ்டரின் நினைவுச்சுவரில் நிஜமாகவே இருக்கின்றன என்ற நினைப்பு நம்மை என்னவோ செய்கிறது. அதற்காக அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கிராஃபிக்ஸ் இன்றைக்குப் பார்க்கும்படி இருக்கிறதா?

கணினியில் தண்ணீர் செய்வது அந்தக் காலத்தில் மிகக் கஷ்டமான வேலை. இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனம் செய்தது. நடிகர்களைப் பெரிய நீர்த்தொட்டிக்குள் ஆடும் படகில் நிற்கவைத்து, மேலிருந்து டன் கணக்கில் தண்ணீரைக் கொட்டி, அதோடு கணினிக் கடலை ஒட்டினார்கள். நடிகர்கள் நடுங்குவது பாதி நடிப்பு, பாதி நிஜம். அகலக் காட்சிகளில் இப்போது வயது தெரிகிறது. படகு சின்னதாகத் தெரியும்போது பொம்மை வாசனை அடிக்கிறது. நெருங்கிய காட்சிகள் இன்னும் அசைக்க முடியாதவை. சிறந்த காட்சி விளைவு, சிறந்த ஒலி இரண்டுக்கும் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்து, இரண்டையும் ‘கிளாடியேட்டர்’ கொண்டுபோனது. பிரிட்டனின் பாஃப்டாவில் காட்சி விளைவு விருது இதற்கே கிடைத்தது. உலக வசூல் 32 கோடி டாலரைத் தாண்டியது.

இசை?

ஜேம்ஸ் ஹார்னர். நல்ல இசை, அளவு அதிகம். கடலே கத்திக்கொண்டிருக்கும்போது இசைக்கருவிகளும் கத்த வேண்டுமா?

கடைசியில் பாபி அலைமேல் தனியாக மிதந்தபடி மனதுக்குள் கிறிஸுடன் பேசுவது மிகை நாடகம்தானே?

பார்த்தவர்களை இதைவிடக் கூர்மையாகப் பிரிக்கும் காட்சி படத்தில் இல்லை. சிலருக்குக் கண்ணீர், சிலருக்குச் சிரிப்பு.

என் மனக்குறை வேறு. சாவுக்கு முன் ஒரு சமாதானம் கிடைத்தது என்று படம் சொல்கிறது. அதைச் சொல்ல யாருக்கும் ஆதாரம் இல்லை. கரையில் காத்திருந்தவர்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சேர்த்த காட்சி அது. ஐஸ்லாந்தில் 1984ல் படகு கவிழ்ந்து, உறையும் குளிர் நீரில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் நீந்திக் கரையேறிய ஒரே ஒரு மீனவரைப் பற்றி ‘தி டீப்’ என்று 2012ல் ஒரு படம் வந்தது. அங்கே தப்பிவந்து சொல்ல ஆள் இருந்ததால் படம் குரலை உயர்த்தவே இல்லை. இங்கே ஆள் இல்லாததால் உரத்துப் பேச வேண்டியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆனால் அதற்குப் பிறகு வரும் தேவாலயக் காட்சியும், துறைமுகத்தில் கிறிஸ் வெறும் கடலைப் பார்த்து நிற்பதும் சத்தியமாக இருக்கின்றன. குளோஸ்டரில் 1623 முதல் கடலில் போனவர்களுக்கு ஒரு நினைவுச்சின்னம் உண்டு: சுக்கான் சக்கரத்தைப் பிடித்தபடி குனிந்து நிற்கும் வெண்கல மனிதர். அங்கே பொறிக்கப்பட்ட பெயர்கள் 5,000க்கு மேல். ஒரே ஊர். படத்தின் தொடக்கத்திலேயே பெயர்ப்பலகைகளைக் காட்டிவிடுகிறார்கள். இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் அது உறைக்கும்.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேல் பார்க்கலாம். ரத்தம் குறைவு, கெட்ட வார்த்தை கொஞ்சம். முடிவு மட்டும் கனமானது. ‘கடைசியில் எல்லோரும் பிழைத்துவிடுவார்கள்’ என்று சொல்லி உட்காரவைக்காதீர்கள்.

படகு கடைசியில் கிடைத்ததா?

இல்லை. அமெரிக்காவும் கனடாவும் பல நாள் பரந்த கடல்பரப்பைத் தேடின. நவம்பர் 9 அன்று தேடுதல் நிறுத்தப்பட்டது. எரிபொருள் பீப்பாய்கள், ஓர் எண்ணெய்த் தொட்டி, ஆளில்லாத உயிர்காப்பு மிதவை என்று சில சாமான்கள் மட்டும் ஒதுங்கின. ஆபத்தில் தானாகவே செயற்கைக்கோளுக்குச் சைகை அனுப்ப வேண்டிய கருவி, கடைசிப் பேச்சுக்கு ஒன்பது நாள் கழித்து, சேபிள் தீவின் மணலில் கிடந்தது. அதன் சுவிட்ச் அணைத்த நிலையில் இருந்தது.